முகமும் பெயரும்: நம் வட்டாரத்து மக்களை உருவப்படமாகப் பதிவுசெய்தல்

பட்டர்வொர்த்துக்குத் தொடர்வண்டியிலோ பேருந்திலோ வந்திறங்குவோருட் பலர், சிறிது நேரத்திலேயே படகேறிப் பினாங்குத் தீவுக்குச் சென்றுவிடுகின்றனர். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளையும் சுவரோவியங்களையும் படமெடுக்கச் செல்லும் அவர்களுக்கு நம் நகர் ஒரு வழித்தங்கல் மட்டுமே. வந்து போகிறவர்கள் நம்மைப் பாராதிருப்பதில் வியப்பில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த நாமும் ஒருவரையொருவர் பாராதிருப்பதே எண்ணிப் பார்க்கத் தக்கது. காலையில் தேநீர் ஆற்றித் தருபவர், பள்ளி வாயிலில் நிற்கும் காவலர், கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மையார், மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஆகியோரை நாள்தோறும் காண்கிறோம். அவர்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்?

ஒரு பள்ளியோ, வாசகர் வட்டமோ, இளைஞர் மன்றமோ தன் வட்டாரத்து மக்களை உருவப்படங்களாகப் பதிவுசெய்ய விரும்பினால், அப்பணியை எவ்வாறு திட்டமிடுவது என்பதே இவ்வுரையின் பொருள். கருவியைப் பற்றி இங்கே குறைவாகவே பேசுவோம். இன்று நம் மாணவர் பலரின் கையிலுள்ள கைப்பேசியே இப்பணிக்குப் போதுமானது. போதாதிருப்பது முன்னேற்பாடு.

முதலிற் சொற்பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் நம்மிடையே வழங்குகின்றன. இவற்றுள் எதனை ஆண்டாலும் குற்றமில்லை. இவ்வுரையில் ஒளிப்படம் என்பதை ஆள்கிறோம். உருவப்படம் என்பது அதனுள் ஒரு வகை. தெருவில் நடந்து செல்பவரை அவர் அறியாமல் எடுத்த படத்தை நாம் உருவப்படம் எனக் கொள்ளவில்லை. தாம் படமெடுக்கப்படுவதை ஒருவர் அறிந்து, அதற்கு இசைந்து, நம் எதிரே நின்று தருவதே உருவப்படம். அது எடுப்பது அன்று, பெறுவது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால், பின்னர் வரும் முறைகள் யாவும் இயல்பாகவே விளங்கும்.

பெயரற்ற முகங்கள்

1839-ஆம் ஆண்டு பாரிசில் அறிவிக்கப்பட்ட ஒளிப்படக்கலை, சில பத்தாண்டுகளுக்குள் குடியேற்ற நாடுகளின் ஆட்சிக்கு ஒரு துணைக்கருவியாயிற்று. 1868 முதல் 1875 வரை, 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா' என்னும் தொகுப்பு எட்டுத் தொகுதிகளாக இலண்டனில் வெளியிடப்பட்டது. அதில் 468 ஒளிப்படங்கள் இடம்பெற்றன. படத்தில் இருந்தோர் பெரும்பாலும் தனி மனிதராகக் குறிக்கப்படவில்லை. இன்ன சாதியினர், இன்ன குலத்தினர் என்றே குறிக்கப்பட்டனர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவர் மக்களின் தலையையும் மூக்கையும் அளவெடுத்து எழுதினார். அளக்கப்பட்டவர் தம்மைப் பற்றிச் சொல்ல விரும்பியது என்ன என்பதற்கு அத்தகைய நூல்களில் இடமில்லை.

மலாயாவிலும் இதுவே நிகழ்ந்தது. 1867-இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற லாம்பர்ட் நிறுவனம் முதலான படக்கூடங்கள், இந்நாட்டின் காட்சிகளோடு 'மக்கள் வகை'களையும் படமெடுத்து விற்றன. பின்னர் அத்தகைய படங்கள் அஞ்சலட்டைகளாகவும் உலகெங்கும் சென்றன. அவற்றில் நம் முன்னோர் 'கிளிங்' என்றும் 'தமிழ்க் கூலி' என்றும் குறிக்கப்பட்டனர். நெற்றியில் திருநீறும் காதில் தோடும் தெளிவாகத் தெரிகின்ற அம்முகங்களை இன்று காணும் நமக்கு, அவர் யார், எவ்வூரிலிருந்து வந்தார், யாருக்குப் பாட்டனார் என்பன தெரியவில்லை. தோட்டத்துப் பெயரேட்டில் பெயர் இருந்தது, முகம் இல்லை. விற்கப்பட்ட படத்தில் முகம் இருந்தது, பெயர் இல்லை. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை.

நாம் முன்வைக்க விரும்பும் கருத்து இவ்விடத்திலிருந்தே பிறக்கின்றது. வட்டாரத்து உருவப்படப் பணியின் அழகு ஒளியையும் நிழலையும் சார்ந்திருக்கலாம். அதன் பயன், முகத்தோடு பெயரைச் சேர்ப்பதையே சார்ந்துள்ளது. பெயரும், படத்தில் உள்ளவர் தம்மைப் பற்றித் தம் வாயாற் சொன்ன சில சொற்களும் இல்லாவிடின், எவ்வளவு நேர்த்தியான படமும் இன்னோர் அஞ்சலட்டையாகவே முடியும்.

அருகிலுள்ள ஒரு முன்மாதிரி

இத்தகைய பணிக்கு நாம் தொலைவில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. ஜார்ஜ்டவுனில் மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கு ஸ்ட்ரீட், குயீன் ஸ்ட்ரீட் ஆகியவற்றைச் சூழ்ந்த பகுதியை இன்று 'லிட்டில் இந்தியா' என வழங்குகிறோம். அப்பகுதியின் மக்களை ஊய் செங் கீ என்னும் பினாங்கு ஒளிப்படக் கலைஞர் 1979-இல் கறுப்பு வெள்ளையிற் படமெடுத்தார். அப்படங்கள் 2011-இல் பினாங்கின் அரேக்கா புக்ஸ் பதிப்பகத்தால் 'போர்ட்ரெய்ட்ஸ் ஆஃப் பினாங்: லிட்டில் இந்தியா' என்னும் நூலாக வெளியிடப்பட்டன.

படமெடுத்த ஆண்டுக்கும் நூல் வெளிவந்த ஆண்டுக்கும் இடையே 32 ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்தில் அப்பகுதி பெரிதும் மாறிற்று. பழைய கட்டடங்களின் வாடகையை உயராமற் காத்துவந்த சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் நாள் அந்நீக்கம் நடைமுறைக்கு வந்தது. வாடகை உயரவே, தலைமுறைகளாக அங்கே குடியிருந்தோரும் சிறுதொழில் செய்தோரும் பலர் வெளியேறினர். 2008 ஜூலையில் மலாக்காவுடன் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் காக்கப்பட்டன, அவற்றுள் வாழ்ந்தோர் பலர் அங்கில்லை. 1979-இல் அன்றாடக் காட்சியாயிருந்தது, நூல் வெளிவந்த காலத்தில் வரலாற்றுச் சான்றாகிவிட்டது.

இதிலிருந்து இரண்டு பாடங்களை நாம் கற்கலாம். ஒன்று, அப்பணி ஊர் முழுவதையும் அள்ள முயலவில்லை. நடந்தே சுற்றிவரத்தக்க ஒரு பகுதியோடு நின்றது. மற்றொன்று, ஒரு வட்டாரம் மாறத் தொடங்கியபின் படமெடுக்கச் செல்வது காலங்கடந்த செயல். எதுவும் மாறாதது போலத் தோன்றும்போதே அதற்குரிய நேரம் வந்துவிடுகின்றது.

நம் பட்டர்வொர்த்தும் அவ்வாறு மாறிவந்த நகரே. பினாங்குப் பாலம் 1985-இல் திறக்கப்பட்டது. வாகனங்களை ஏற்றிச் சென்ற பழைய இரட்டைத்தட்டுப் படகுகளின் சேவை 2020-ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தது. 2023 ஆகஸ்டில் புதிய படகுகள் ஓடத் தொடங்கின. பழைய படகின் படம் நம்முட் பலரிடம் உண்டு. அதில் கயிறு பிடித்தவரின் பெயரைச் சொல்ல எத்தனை பேரால் இயலும்?

பிற நாடுகளிலிருந்து கற்பன

செருமானிய ஒளிப்படக் கலைஞர் ஆகஸ்ட் சாண்டர், தம் காலத்து மக்கள் அனைவரையும் தொழில்வாரியாகப் படமெடுக்க முனைந்தார். உழவர், கைவினைஞர், பெண்கள், கலைஞர், நகரத்தார் எனப் பிரிவுகள் வகுத்துக்கொண்டார். அவற்றுள் 60 படங்களை 1929-இல் நூலாக வெளியிட்டார். அவருடைய படத்தில் அடுமனைக்காரரும் செங்கல் சுமப்பவரும், அரசருக்குரிய நிமிர்வோடு நேர்நோக்கி நிற்கின்றனர். நாட்சி ஆட்சி 1936-இல் அந்நூலின் அச்சுத்தகடுகளை அழித்தது. எளியோரும் வறியோரும் உள்ளபடியே காட்டப்பட்டதை அவ்வாட்சி விரும்பவில்லை. ஒருவரை அவர் தொழிலின் அடையாளங்களோடு மரியாதையாக நிறுத்துவது எவ்வாறு என்பதைச் சாண்டரிடம் கற்கலாம். ஆயினும் அவர் பலரைத் தொழிற்பெயராலேயே குறித்தார். அக்குறையை நாம் நிறைவுசெய்ய வேண்டும்.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் மில்டன் ரோகோவின் என்பவர் கண்பார்வை சோதித்துக் கண்ணாடி வழங்கும் தொழில் செய்துவந்தார். தம் தொழிற்கூடத்தை அடுத்திருந்த ஏழ்மையான வட்டாரத்தின் மக்களை 1972 முதல் அவர் படமெடுத்தார். தொடக்கத்தில் மக்கள் அவரை ஐயுற்றனர். எடுத்த படங்களின் படிகளை அவர்களிடமே கொண்டு சென்று கொடுத்தபின் கதவுகள் திறந்தன. அவர் 1980-களிலும் 1990-களிலும், மீண்டும் 2000-ஆம் ஆண்டையொட்டியும் அதே மக்களைத் தேடிச் சென்று அதே வகையிற் படமெடுத்தார். இளந்தாயாக நின்றவர் பின்னொரு படத்தில் பாட்டியாக நிற்கின்றார். திரும்பிச் செல்லுதல் என்னும் ஒழுக்கத்தை அவரிடம் கற்கிறோம்.

இந்தியாவில், இதழாளர் பி. சாய்நாத் நிறுவி 2014 டிசம்பரில் தொடங்கப்பெற்ற 'பாரி' என்னும் ஊரக இந்திய மக்கள் காப்பகம், நாட்டின் பல மாவட்டங்களிலிருந்தும் முகங்களைத் திரட்டிவருகின்றது. அங்கே படத்தோடு பெயரும் தொழிலும் ஊரும் சேர்த்தே தரப்படுகின்றன. அதே காப்பகத்தில் பணியாற்றும் தமிழ் ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார், மதுரை மாவட்டத்துச் சிற்றூரில் மீன் விற்று வாழ்ந்த தம் தாயைத் தொடர்ந்து படமெடுத்தவர். துப்புரவுத் தொழிலாளர் முதலான உழைக்கும் மக்களையும் அவர் பதிவுசெய்துவருகின்றார். இதில் மாணவர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு: உருவப்படப் பணி வீட்டு வாசலிலிருந்தே தொடங்கலாம்.

எல்லையும் எண்ணிக்கையும்

இனித் திட்டத்துக்கு வருவோம். முதற்பணி எல்லை வகுத்தல். 'பட்டர்வொர்த் மக்கள்' என்பது பள்ளிக் குழுவுக்கு அடங்காத பரப்பு. பாகான் டாலாமில் ஒரு தெருவரிசை, மாக் மண்டின் பள்ளியைச் சுற்றி நடைதூரத்தில் அமைந்த பகுதி, ராஜா ஊடா சாலையின் ஒரு துண்டு, படகுத்துறையின் சுற்றுப்புறம் என ஏதேனும் ஒன்றைத் தேர்ந்து, வரைபடத்தில் கோடிட்டுக் கொள்க. எல்லை சிறிதாயின் மறுமுறை செல்வது எளிது. மறுமுறை செல்வதே இப்பணியின் உயிர்.

அடுத்தது எண்ணிக்கை. நாம் 12 பேரைப் பரிந்துரைக்கிறோம். 24 மாணவர் உள்ள வகுப்பாயின் இருவருக்கு ஒருவர் என அமையும். ஒரு மாணவர் உரையாடுவார்; மற்றவர் படமெடுப்பார். இருவரும் ஒருவராக இருக்கும்போது உரையாடலும் படமும் ஒருசேரக் கெடுவதுண்டு.

பின்னர்ப் பெயர்ப்பட்டியல். மாணவரை எழுதச் சொன்னால், முதற்பட்டியலில் கடைவீதியில் கண்ணுக்குத் தெரிவோரே இடம்பெறுவர். அவர்களும் பெரும்பாலும் ஆண்களாகவே இருப்பர். ஆசிரியர் இவ்விடத்திற் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். வீட்டிலிருந்தே துணி தைப்பவரும் முறுக்குச் சுட்டு விற்பவரும் எங்கே? தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் உறங்குபவர் எங்கே? துறைமுகத்திலும் தொடர்வண்டிப் பாதையிலும் உழைத்து ஓய்ந்த முதியவர் எங்கே? உணவகத்தில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் வந்தவர் எங்கே? வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர் எங்கே? நம் அண்டையிலுள்ள மலாய்க்காரரும் சீனரும் நம் வட்டாரத்தினர் அல்லரோ? இவ்வினாக்களுக்குப் பின் எழுதப்படும் இரண்டாம் பட்டியலே உண்மையான பட்டியல்.

கருவியின்றிச் செல்லும் முதல்நாள்

முதற்சந்திப்புக்குக் கருவியை எடுத்துச் செல்லலாகாது என்பது நம் உறுதியான கருத்து. முதல்நாள் அறிமுகத்துக்கு உரியது. யாம் யார், எப்பள்ளியிலிருந்து வருகின்றோம், எதற்காகக் கேட்கின்றோம், படம் எங்கே வைக்கப்படும் என்பவற்றை மாணவர் நின்று பணிவாகச் சொல்லப் பழகுதல் வேண்டும். அழைக்கும் முறையும் இதனுள் அடங்கும். நம்மவரை ஐயா, அம்மா, அண்ணன், அக்கா, தாத்தா, பாட்டி என வயதுக்கேற்பவும், மலாய்ப் பெரியோரைப் பாக்சிக், மாக்சிக் எனவும் அழைப்பது இம்மண்ணின் பண்பு. வேலை நெருக்கடி மிகுந்த நேரத்தில் உணவகத்துக்குச் சென்று, ரொட்டி வீசிக்கொண்டிருப்பவரை நிறுத்திப் பேசுவது அறமாகாது. அவருடைய ஓய்வு நேரத்தைக் கேட்டறிந்து செல்லுதல் வேண்டும்.

இசைவு என்பது ஒரே வினாவன்று. அது மூன்று வினாக்கள். படமெடுக்கலாமா? பள்ளிக் கண்காட்சியிலும் நூலிலும் பெயரோடு வைக்கலாமா? இணையத்தில் வெளியிடலாமா? முதலாவதற்கு இசைந்தவர் மூன்றாவதற்கு இசையாதிருக்கலாம். ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டு, அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதிய தாளிற் குறித்துக்கொள்க. பதினெட்டு வயது நிரம்பாதவராயின் பெற்றோர் இசைவு இன்றியமையாதது. அயல்நாட்டுத் தொழிலாளர் தம் முகமோ பெயரோ வெளிப்படுவதால் தமக்குத் தீங்கு நேருமென அஞ்சலாம். அவ்வச்சத்துக்குக் காரணம் கேட்டு வற்புறுத்துதல் கூடாது. நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010, வணிக நடவடிக்கைகளிற் கையாளப்படும் தரவுகளைப் பற்றியது. சட்டம் கேட்கும் அளவோடு நின்றுவிடாமல், மரியாதை கேட்கும் அளவுக்கு நாம் செல்லுதல் வேண்டும்.

பெயரைச் சேர்ப்பதே இப்பணியின் பயன் என்றோம். அப்பெயரை ஒருவர் தர மறுத்தால் என்செய்வது? மறுக்கும் உரிமையும் அவருடையதே. அஞ்சலட்டையில் இருந்தவரிடம் யாரும் கேட்கவில்லை, நாம் கேட்கின்றோம். 'பெயர் வேண்டா என்றார்' எனக் குறிப்பில் எழுதுவதுகூட, அங்கே ஒருவர் முடிவெடுத்தார் என்பதற்குச் சான்றாகும். படமே வேண்டா என்பவரிடம் நன்றி சொல்லி விடைபெறுக.

இன்னுமொன்று: துறைமுக வளாகம், தொடர்வண்டிப் பாதை, விமானப்படைத் தளம் போன்ற காவலுள்ள இடங்களில் இசைவின்றிக் கருவியைத் தூக்குதல் கூடாது. அங்கே பணியாற்றுவோரை அவர்தம் வீட்டிலோ, தேநீர் அருந்தும் இடத்திலோ படமெடுப்பதே தக்கது.

ஒளியும் நிலையும்

நம் நகர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்தரைப் பாகையில் உள்ளது. நண்பகற் கதிரவன் தலைக்கு நேர்மேலே அல்லது அதனை அடுத்தே நிற்கும். அவ்வேளையிற் கண்குழிகள் இருண்டு, நெற்றியும் மூக்கும் மட்டும் ஒளிரும். நம் கடிகார முறைப்படி, கதிரவன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணி கடந்த பின்னரே. ஆகவே காலை 10 மணிக்கு முன்னரும் மாலை 5 மணிக்குப் பின்னரும் ஏற்ற நேரங்கள். இடைப்பட்ட வேளையில்தான் ஒருவருக்கு ஓய்வு கிடைக்குமாயின், அதற்கும் வழியுண்டு. கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையும், வீட்டுத் தாழ்வாரமும், கதவருகும் மென்மையான பக்க ஒளி தருவன. அவரைக் கூரை நிழலின் விளிம்பில், வெளிச்சத்தை நோக்கி நிறுத்தினாற் போதும்.

கைப்பேசியின் முதன்மைக் கண்ணாடி அகன்ற காட்சிக்கு உரியது. அதனை முகத்துக்கு அருகிற் கொண்டு சென்றால் மூக்குப் பெருத்து, காதுகள் பின்வாங்கும். ஒன்றரை அல்லது இரண்டு மீட்டர் விலகி நின்று, இருமடங்கு உருப்பெருக்கத்தைப் பயன்படுத்தினால் முகம் தன் இயல்பான அளவில் அமையும். கருவியை அவருடைய கண்மட்டத்தில் பிடிக்க வேண்டும். தரையில் அமர்ந்து பூக்கட்டுபவரை நின்றுகொண்டு படமெடுத்தால், நாம் அவரைக் கீழ்நோக்கிப் பார்த்ததாகவே படம் என்றும் சொல்லிக்கொண்டிருக்கும்.

நம் மக்களின் நிறத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுதல் வேண்டும். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில், வண்ணப் படங்களின் நிறச்சமன்பாடு வெள்ளைநிறப் பெண்ணின் படம் அச்சிட்ட அட்டையை அளவுகோலாகக் கொண்டு சரிபார்க்கப்பட்டது. அதனாற் கருநிற முகங்களின் நுட்பம் பல படங்களில் இழக்கப்பட்டது. இன்றைய கைப்பேசிகள் பெரிதும் திருந்தியுள்ளன. எனினும் பின்னணி வெளிச்சமாயிருந்தால் முகம் இருண்டுவிடும். திரையில் முகத்தைத் தொட்டு, ஒளியளவை அதற்கேற்ப அமைத்துக்கொள்க. 'அழகூட்டும்' வடிப்பான்களை அறவே நீக்குக. தோலை வெளுப்பாக்கியும் சுருக்கங்களை அழித்தும் தரப்படும் படத்தில், 40 ஆண்டு வெயிலில் உழைத்த ஒருவரின் வாழ்க்கை அழிக்கப்படுகின்றது.

நிற்கும் முறையை அவரே தேரட்டும். எங்கே நிற்க விரும்புகின்றீர், எதனைக் கையில் வைத்துக்கொள்வீர் எனக் கேட்டால், பலர் நாம் எதிர்பாராததைச் சொல்வர். ஒருவர் தம் தொழிற்கருவியைத் தவிர்த்துத் திருமணப் படத்தை ஏந்தலாம். ஒருவர் உள்ளே சென்று நல்லாடை உடுத்து வரலாம். அழுக்கேறிய சட்டைதான் உழைப்பைக் காட்டும் என்று மாணவர் வற்புறுத்தலாகாது. உலகுக்குத் தம்மை எவ்வாறு காட்ட விரும்புகின்றார் என்பதும் அவரைப் பற்றிய உண்மையே.

குறிப்பும் மொழியும்

படத்தின் கீழே இடம்பெறும் குறிப்பு, இப்பணியிற் பாதி. அதனை மூன்று பகுதிகளாக அமைக்கலாம். முதலாவது, அவர் சொல்லும் வடிவிலேயே பெயர். அதனை எழுதிக்காட்டிச் சரிதானா எனக் கேட்டல் வேண்டும். இரண்டாவது, இடமும் நாளும். மூன்றாவது, அவர் சொன்ன சொற்களில் இரண்டு மூன்று வாக்கியங்கள். 'உழைப்பின் சிகரம்', 'வறுமையிலும் புன்னகை' போன்ற நம் சொற்களை அங்கே புகுத்தலாகாது. அவர் 'கால் வலிக்குது, ஆனா வீட்ல உக்கார முடியல' என்பாராயின், அதுவே எழுதத்தக்கது. பேச்சுத்தமிழைத் திருத்தி எழுதுவது இவ்விடத்திற் பிழையாகும்.

மொழி ஆர்வலர் என்னும் முறையில் மற்றொன்றையும் நாம் கேட்டுக்கொள்கிறோம். ஒவ்வொருவரிடமிருந்தும் அவர் தொழிலுக்குரிய ஐந்து சொற்களையேனும் கேட்டுப் பெறுக. பூக்கட்டுபவரிடம் நார், சரம், கதம்பம், முழம் ஆகிய சொற்கள் இன்றும் உயிரோடு உள்ளன. அவற்றைக் கடைப்பூவை நெகிழிப்பையில் வாங்கும் மாணவர் அறியாதிருக்கலாம். படகின் தலைமைப் பணியாளரைக் குறித்த தண்டல் என்னும் சொல்லும், தோட்டத்துக் கங்காணியும், அலுவலகக் கிராணியும், காவற்பணி புரியும் ஜாகாவும், சாலையோர ஒட்டுக்கடையும் நம் நாட்டுத் தமிழின் வரலாற்றைச் சுமந்து நிற்பன. இவற்றுட் சில தமிழிலிருந்து மலாய்க்குச் சென்றன. சில மலாயிலிருந்து தமிழுக்கு வந்தன. எது எங்கிருந்து வந்தது என்பதை வகுப்பறையில் ஆராயலாம். முதலில் அவை பேசுவோர் வாயிலிருந்து பதிவாகட்டும். பன்னிரண்டு பேரிடம் ஐந்து சொற்கள் எனின், ஒரு வட்டாரத்தின் அறுபது சொற்கள் நம் கையில் இருக்கும்.

பத்து வாரத் திட்டம்

பள்ளித் தவணைக்குள் இப்பணியைப் பின்வருமாறு பகுக்கலாம். முதல் வாரத்தில் எல்லையும் வரைபடமும். இரண்டாம் வாரத்தில் பட்டியலும் அதன் திருத்தமும். மூன்றாம் நான்காம் வாரங்கள் கருவியின்றிச் செல்லும் சந்திப்புகளுக்கு உரியன. ஐந்தாம் வாரத்தில் மாணவர் ஒருவரையொருவரும், தத்தம் வீட்டு முதியோரையும் படமெடுத்துப் பழகுவர். தாமே கருவியின் முன் நின்று பார்த்த மாணவர், பிறரை நிறுத்தும்போது பொறுமையுடையவராவர். ஆறு முதல் எட்டாம் வாரம் வரை உருவப்படங்கள். ஒன்பதாம் வாரத்திற் குறிப்பெழுதி, அதனை உரியவரிடம் படித்துக்காட்டி ஒப்புதல் பெறுதல். பத்தாம் வாரத்தில் அச்சிட்ட படத்தை அவரவர் கையிற் கொண்டு சேர்த்தல்.

இறுதிப் படியை எக்காரணத்தாலும் விடலாகாது. வாக்களித்த படம் வந்து சேராத வீடுகள் பல உண்டு. அத்தகைய வீட்டுக்கதவு, அடுத்து வரும் மாணவருக்கும் மூடியே இருக்கும். கண்காட்சி திறக்கும் நாளுக்கு முன்னரே படம் உரியவரைச் சென்றடைய வேண்டும்; தம் படத்தை முதலிற் காண்பவர் அவராகவே இருத்தல் முறை. கைப்பேசிக்கு அனுப்புவதோடு நில்லாமல், தாளில் அச்சிட்டுத் தருக. சுவரில் மாட்டப்படுவதும், நாளை அவர்தம் பேரப்பிள்ளைகள் கையில் எடுத்துப் பார்ப்பதும் அதுவே.

பள்ளிக்குரிய படங்களைக் காப்பதற்கும் ஒழுங்கு வேண்டும். கோப்பின் பெயரில் ஆண்டு, இடம், வரிசை எண் ஆகியன இருத்தல் நன்று. மூன்று படிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றைப் பள்ளிக்கு வெளியே வைத்தல் பாதுகாப்பு. இசைவுத் தாள்களையும் குறிப்புகளையும் படங்களோடு சேர்த்தே வைக்க வேண்டும். பிரித்து வைத்தால், முகமும் பெயரும் மீண்டும் ஒன்றையொன்று இழக்கும். அச்சிட்ட ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்கரிக்கோலாற் பெயரெழுதி வைப்பது, எந்தக் கணினி பழுதுபட்டாலும் நிலைக்கும் எளிய வழி.

கண்காட்சியைப் பள்ளி மண்டபத்தில் நடத்தலாம். கோயில் மண்டபத்திலோ, படத்தில் உள்ளோர் வேலை செய்யும் தெருவிலுள்ள கடைச்சுவரிலோ, உரியவர் இசைவோடு நடத்துவது இன்னும் சிறப்பு. மாலையிட்ட மேடையில் முக்கிய விருந்தினரை அமர்த்துவதற்கு முன், படத்தில் உள்ள பன்னிரண்டு பேருக்கும் முன்வரிசையில் நாற்காலி உண்டா எனப் பார்த்துக்கொள்க.

இவ்வளவும் முடிந்தபின் ஒரு வட்டாரத்தின் பன்னிரண்டு படங்களும், அவற்றுக்குரிய குறிப்புகளும், அறுபது சொற்களும் ஒரு பள்ளியின் நூலகத்தில் இருக்கும். பத்தாண்டு கழித்து அப்பள்ளியின் மற்றொரு வகுப்பு, அதே பட்டியலை எடுத்துக்கொண்டு அதே கதவுகளைத் தட்டலாம். சிலர் இடம் மாறியிருப்பர், சிலர் மறைந்திருப்பர். ஆயினும், 'இவர் யார்?' என்னும் வினாவுக்கு விடை படத்தின் பின்புறத்திலேயே எழுதப்பட்டிருக்கும். நம் முன்னோர் படங்களுக்கு நாம் தரவியலாத விடையை, நம் காலத்தவர் படங்களுக்கேனும் எழுதி வைப்போம்.